பத்துக் குழி நிலத்துக்கு எத்தனை கையெழுத்து?



இன்று நான் பேச எடுத்துக்கொண்டது மேடைகளில் அதிகம் பேசப்படாத ஒரு பொருள். புதுவை நகரத்தின் முத்தியால்பேட்டையிலோ லாசுப்பேட்டையிலோ குடியிருக்கும் ஒருவர் பாகூர், வில்லியனூர், மண்ணாடிப்பட்டுப் பக்கம் பத்துக் குழி நிலம் வாங்க ஆசைப்படுகிறார். பெரிய பணக்காரர் அல்ல. ஓய்வுபெற்ற ஆசிரியராக இருப்பார், கடை வைத்திருப்பார், மகள் கல்யாணத்தை முடித்துவிட்டு மிச்சப் பணத்தை மண்ணில் போட்டு வைப்போம் என்று எண்ணுபவராக இருப்பார். நடுவில் மனைப்பிரிவு நிறுவனம் எதுவும் இல்லை. விற்பவரும் வாங்குபவரும் நேருக்கு நேர் உட்கார்ந்து பேசி முடிக்கிற கிரயம். அதைப் பற்றித்தான் பேசப் போகிறேன்.

என்னிடம் ஆலோசனைக்கு வருகிறவர்கள் பெரும்பாலும் ஒரே கேள்வியைத்தான் கேட்கிறார்கள். “பட்டா இருக்கிறது, பத்திரம் இருக்கிறது, வில்லங்கமும் பார்த்தாயிற்று. வாங்கலாமா ஐயா?” இந்த மூன்றும் கையில் இருந்தும் நிலத்தை இழந்துவிட்டு நீதிமன்றத் தாழ்வாரத்தில் நிற்கும் குடும்பங்களை நான் அறிவேன். ஆகவே சொல்ல வந்ததை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நிலத்தை விற்பவர் ஒரே ஆள் போலத் தெரிவார். ஆனால் அதே நிலத்தில் உரிமையோ உழைப்போ உள்ள பலர் பார்வைக்கு வராமல் இருப்பார்கள். அவர்கள் ஒவ்வொருவரையும் தேடிக் கண்டுபிடித்து, அவர்களுடைய சம்மதத்தைக் கையெழுத்தாகப் பெற்று வாங்குவதுதான் கிரயம். மற்றதெல்லாம் வழக்கை விலை கொடுத்து வாங்குவது.

சார்பதிவாளர் அலுவலகத்தில் முத்திரை விழுந்துவிட்டால் அரசாங்கமே நம் உரிமைக்குப் பொறுப்பு என்று நாம் நம்புகிறோம். அது சரியல்ல. 1908-ஆம் ஆண்டுப் பதிவுச் சட்டத்தின்படி பதிவாளர் பார்ப்பது, இன்னார் இன்னாருக்கு இந்தப் பத்திரத்தை எழுதிக் கொடுத்தார் என்பதை மட்டும்தான். எழுதிக் கொடுத்தவருக்கு அந்த நிலத்தில் உரிமை உண்டா என்று தீர்ப்பளிக்கிற வேலை அவருடையதல்ல. தமிழ்நாட்டில் பதிவு விதிகளுக்குள் 55-ஏ என்று ஒரு விதியைச் சேர்த்திருந்தார்கள். முந்தைய மூலப்பத்திரத்தைக் காட்டினால்தான் புதிய பத்திரத்தைப் பதிய முடியும் என்றது அது. 2025 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் அந்த விதியைச் செல்லாது என்று அறிவித்தது. உரிமையை ஆராயும் அதிகாரத்தைப் பதிவாளருக்குத் தாய்ச் சட்டமே தரவில்லை என்பதுதான் அதற்குச் சொன்ன காரணம். புதுவையில் நடப்பிலிருப்பதும் அதே தாய்ச் சட்டம்தான்.

எல்லா நாட்டிலும் இப்படி இல்லை. 1858-இல் தெற்கு ஆஸ்திரேலியாவில் ராபர்ட் டாரன்ஸ் என்பவர் ஒரு முறையைக் கொண்டுவந்தார். அரசுப் பதிவேட்டில் யார் பெயர் இருக்கிறதோ அவரே சொந்தக்காரர், அதற்கு அரசே பொறுப்பு என்பது அந்த முறை. நம் நாட்டில் அந்தப் பொறுப்பை எந்த அலுவலகமும் ஏற்பதில்லை. பட்டாகூட வரி கட்டுவது யார் என்பதைச் சொல்லும் வருவாய்த் துறை ஆவணம்தான். அது மட்டுமே சொத்துரிமைக்குச் சான்றாகாது என்று நீதிமன்றங்கள் திரும்பத் திரும்பச் சொல்லியிருக்கின்றன. வில்லங்கச் சான்றும் பதிவான பரிமாற்றங்களை மட்டுமே காட்டும். பதியாத உயில், பிரிக்கப்படாத பாகம், வாய்மொழிக் குத்தகை, வட்டிக் கடைக்காரரிடம் அடகில் கிடக்கும் மூலப்பத்திரம் ஆகிய எதுவும் அதில் தெரியாது. எனவே உரிமையைத் தேடிப் பார்க்கும் கடமை முழுவதும் வாங்குபவர் தலையில்தான் விழுகிறது.

இந்தத் தேடல் மற்ற ஊர்களைவிட நம் ஊரில் கடினமானது. காரணம் நம் வரலாறு. 1954 நவம்பர் 1-இல் பிரெஞ்சு நிர்வாகம் நடைமுறையில் கைமாறியது. 1956-இல் ஒப்பந்தம் கையெழுத்தானது. 1962 ஆகஸ்ட் 16-இல் சட்டப்படி நாம் இந்தியாவோடு இணைந்தோம். ஆனால் சட்டங்கள் ஒரே நாளில் மாறிவிடவில்லை. இந்து வாரிசுரிமைச் சட்டம் 1963 அக்டோபர் 1 முதல்தான் இங்கே வந்தது. சொத்து மாற்றுச் சட்டமும் பதிவுச் சட்டமும் 1968-இல் நாடாளுமன்றம் இயற்றிய ஒரு சட்டத்தின் வழியாகத்தான் நமக்கு நீட்டிக்கப்பட்டன. ஆகவே ஒரு துண்டு நிலத்தின் கதையை இரண்டு தலைமுறை பின்னோக்கிப் படித்துக்கொண்டு போனால், நடுவழியில் நாம் வேறொரு சட்ட உலகத்துக்குள் நுழைந்துவிடுகிறோம்.

அந்த உலகத்தில் கிரயம் நொத்தேர் எனப்படும் ஆவண அதிகாரி முன்னிலையில் எழுதப்பட்டது. இரு தரப்பும் கையெழுத்திட்ட மூலத்தை நொத்தேர் தம்மிடமே வைத்துக்கொள்வார். வாங்கியவர் கையில் கிடைப்பது சான்றளித்த நகல். எழுத்து பிரெஞ்சு மொழியில் இருக்கும். எல்லை விவரமும் பிரெஞ்சிலேயே இருக்கும். நடுநடுவே தமிழ் ஊர்ப்பெயர்கள் பிரெஞ்சு எழுத்துக்கூட்டலில் வரும். இன்று விற்பவர் வீட்டுப் பெட்டியில் அப்படி ஒரு தாள் இருந்தால், “பழைய காகிதம்தானே, புதுப் பத்திரம் போதும்” என்று அதைத் தள்ளி வைத்துவிடாதீர்கள். பிரெஞ்சு தெரிந்த வழக்கறிஞரிடமோ மொழிபெயர்ப்பாளரிடமோ கொடுத்து வரிவரியாகப் படிக்கச் சொல்லுங்கள். அந்தத் தாளில் நிலம் அண்ணன் தம்பி இருவர் பெயரில் வாங்கப்பட்டிருக்கும். பின்னால் வந்த பட்டாவில் அண்ணன் பெயர் மட்டும் இருக்கும். தம்பியின் பேரப்பிள்ளைகள் எங்கே என்ற கேள்வி அந்த ஒரு வரியிலிருந்துதான் கிளம்பும்.

எண்களையும் பாருங்கள். புதுவைப் பத்திரங்களில் ஆர்.எஸ். எண் என்று ஒன்றும், கதாஸ்தர் எண் என்று ஒன்றும் சேர்ந்து வரும். கதாஸ்தர் என்பது பிரெஞ்சுக் கால அளவையின் எண். ஆர்.எஸ். என்பது 1970-ஆம் ஆண்டு நிலவரித் திட்டச் சட்டத்துக்குப் பின் வந்த மறு அளவையின் எண். பழைய பத்திரம் கதாஸ்தர் எண்ணைப் பேசும், பட்டா ஆர்.எஸ். எண்ணைப் பேசும். இரண்டும் ஒரே மண்ணைத்தான் குறிக்கின்றனவா என்று நில அளவைப் பதிவேடுகள் துறையின் ஆவணங்களை வைத்து ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். புதுவை அரசின் நிலமகள் இணையதளத்தில் பட்டா விவரம் இன்று எளிதாகக் கிடைக்கிறது. அது நல்ல வசதி. ஆனால் அது தொடக்கம்தான், முடிவல்ல.

இனி மனிதர்களுக்கு வருகிறேன். என் பேச்சின் நடுப்பகுதி இதுதான்.

விற்பவர் “இது எங்க அப்பா சொத்து” என்கிறார். உடனே கேட்க வேண்டியது: அப்பா எப்போது இறந்தார்? அவர் எந்தச் சட்டத்துக்கு உட்பட்டவர்? தேதி மாறினால் வாரிசு மாறுகிறார், வாரிசு மாறினால் கையெழுத்து மாறுகிறது.

1819-இல் பிரெஞ்சுச் சட்டத் தொகுப்புகள் இங்கே வந்தபோது, இந்தியர்கள் குடும்ப விவகாரங்களில் தங்கள் வழக்காற்றின்படி நடக்கலாம் என்று விட்டுவைத்தார்கள். அந்த வழக்காறு இன்னதென்று நீதிமன்றங்களுக்குச் சொல்ல 1827-இல் உள்ளூர்ப் பெரியவர்களைக் கொண்ட ஓர் ஆலோசனைக் குழுவும் ஏற்பட்டது. அப்படி உருவான புதுவை இந்துச் சட்டம் சென்னை மாகாணத்து மிதாட்சரச் சட்டத்திலிருந்து முக்கியமான ஓரிடத்தில் விலகியது. அங்கே மகனுக்குப் பிறந்த அன்றே பூர்வீகச் சொத்தில் பங்கு உண்டு. இங்கே தந்தை உயிரோடு இருக்கும்வரை அவரே முழு உரிமையாளர். கடலூர் வழக்கறிஞர் தமக்குப் பழகிய கண்ணோடு புதுவைப் பத்திரத்தைப் படித்தால் தவறிப் போகக்கூடிய இடம் இது.

1963-க்குப் பிறகு இறந்தவர் என்றால் இந்து வாரிசுரிமைச் சட்டம். பெண்ணுக்குச் சொத்தில் பங்கு 2005-இல்தான் வந்தது என்று பலர் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். 2005-இல் வந்தது கூட்டுக் குடும்பச் சொத்தில் பிறப்பால் வரும் பங்கு. 2020-இல் உச்ச நீதிமன்றம் வினீதா சர்மா வழக்கில் அதை உறுதி செய்தது. ஆனால் உயில் எழுதாமல் இறந்த தந்தையின் சொந்தச் சொத்தில், மனைவி, மகன், மகள், தந்தையைப் பெற்ற தாய் ஆகிய நால்வருமே இந்தச் சட்டம் இங்கு வந்த நாளிலிருந்தே முதல் வகுப்பு வாரிசுகள்தான். தந்தையே முழு உரிமையாளர் என்ற வழக்காறு நிலவிய ஊரில் இதன் பொருள் பெரிது. 1975-இல் இறந்த ஒருவரின் நிலத்தை இன்று இரண்டு மகன்கள் விற்றால், கல்யாணமாகித் திண்டிவனத்துக்குப் போன மகளின் கையெழுத்து எங்கே என்று கேட்டே ஆக வேண்டும்.

“அக்காவுக்கு நகை போட்டு, சீர் செஞ்சு அனுப்பிட்டோம், அவங்க கேக்க மாட்டாங்க” என்று பதில் வரும். இந்தப் பதிலை ஏற்காதீர்கள். சீர் என்பது பாகம் அல்ல. அக்கா கேட்காமலிருப்பது அவருடைய பெருந்தன்மை. அந்தப் பெருந்தன்மையை நீங்கள் விலைக்கு வாங்க முடியாது. அவர் காலத்துக்குப் பின் அவர் பிள்ளைகள் கேட்பார்கள், கேட்பதற்குச் சட்டம் இடம் கொடுக்கும். அதைவிட முக்கியமான ஒன்றுண்டு. ஒரு பெண்ணின் பங்கை அவருக்குத் தெரியாமல் வாங்குவது, வழக்கு வந்தாலும் வராவிட்டாலும், அநீதி. விற்கிறவர் செய்யும் அநீதியில் வாங்குகிறவருக்கும் பங்கு உண்டு. அந்த அம்மாவை நேரில் பார்த்துப் பேசுங்கள். விலை என்ன, அவர் பங்குக்கு எவ்வளவு என்று அவருக்கே தெரியட்டும். பணத்தை அவர் வங்கிக் கணக்கிலேயே செலுத்துங்கள். மனம் உவந்து விட்டுக்கொடுக்கிறார் என்றால், அதைப் பதிவு செய்த விடுதலைப் பத்திரமாகவே எழுதித் தரட்டும்.

நம் ஊருக்கே உரிய மூன்றாவது வகை ஒன்று இருக்கிறது. 1881 செப்டம்பர் 21-ஆம் நாள் ஆணைப்படி, விரும்பிய இந்தியர்கள் தங்கள் பிறவிச் சட்டத்தைத் துறந்து பிரெஞ்சுக் குடிமைச் சட்டத்தை ஏற்றுக்கொள்ளலாம் என்றானது. அப்படி ஏற்றவர்களை ரெனோன்சான் என்கிறோம். 1963-இல் இந்து வாரிசுரிமைச் சட்டம் நீட்டிக்கப்பட்டபோதும், ரெனோன்சான்களுக்கு அது பொருந்தாது என்று வெளிப்படையாகவே விலக்கு எழுதினார்கள். ஆகவே அவர்கள் குடும்பத்துச் சொத்துக்கு இன்றும் பிரெஞ்சுக் குடிமைச் சட்டத்தின் வாரிசு விதிகளையே பார்க்க வேண்டியிருக்கிறது. அந்தச் சட்டத்தில் மகனும் மகளும் சமம். பெற்றோர் உயில் எழுதியும் பிள்ளைகளை முழுக்க ஒதுக்கிவிட முடியாது. ஒரே பிள்ளை என்றால் சொத்தில் பாதி, இரண்டு பிள்ளைகள் என்றால் மூன்றில் இரண்டு பங்கு, மூன்றும் அதற்கு மேலும் என்றால் நான்கில் மூன்று பங்கு, பிள்ளைகளுக்கென்று ஒதுக்கப்பட்டது. “அப்பா உயில் எழுதி எனக்கே கொடுத்துட்டார்” என்று ஒரு ரெனோன்சான் குடும்பத்து மகன் சொன்னால், மற்றப் பிள்ளைகள் எத்தனை பேர் என்று எண்ணிப் பார்க்காமல் முன்பணம் கொடுக்கக் கூடாது.

இந்தப் பிள்ளைகளில் சிலர் பிரான்சில் இருப்பார்கள். பாகூர்ப் பக்கத்து நிலத்துக்குப் பாரிஸில் ஒரு பங்காளி இருப்பது நம் ஊரில் அதிசயமல்ல. அவர் சார்பில் பவர் பத்திரம் வைத்திருக்கும் ஒருவர் வந்து கையெழுத்துப் போடுவார். பவர் பத்திரம் சட்டம் அனுமதித்த வசதிதான். ஆனால் நான்கு விஷயங்களைப் பார்க்க வேண்டும். விற்கும் அதிகாரம் அதில் தெளிவாக எழுதியிருக்கிறதா? அயல்நாட்டில் எழுதப்பட்டது என்றால் உரிய சான்றொப்பம் இருக்கிறதா, இந்தியாவுக்கு வந்து சேர்ந்த மூன்று மாதத்துக்குள் முத்திரைத் தீர்வை செலுத்தப்பட்டதா? எழுதிக் கொடுத்தவர் அதை இடையில் ரத்து செய்துவிட்டாரா? கடைசியாக, அவர் இன்றைக்கு உயிரோடு இருக்கிறாரா? கொடுத்தவர் இறந்த கணமே பவர் செத்துவிடும். இன்றைக்குக் கைப்பேசியில் முகம் பார்த்தே பேசலாம். பேசாமல் வாங்காதீர்கள். பவர் பத்திரத்தையும் ஒப்பந்தத்தையும் மட்டும் கையில் வாங்கிக்கொண்டு கிரயம் முடிந்தது என்று இருந்துவிடவும் கூடாது. அந்த வகையில் சொத்துரிமை மாறாது என்று உச்ச நீதிமன்றம் 2011-இல் சூரஜ் லேம்ப் வழக்கில் திட்டவட்டமாகச் சொல்லிவிட்டது.

பிரெஞ்சுக் குடியுரிமை உள்ள நம் சொந்தங்களுக்கும் ஒரு சொல். நீங்கள் வெளிநாட்டு இந்தியக் குடிமக்களுக்கான ஓ.சி.ஐ. அட்டை வைத்திருக்கலாம். இங்கே வீடு வாங்கலாம், வீட்டுமனை வாங்கலாம். விளைநிலமும் தோட்டமும் பண்ணை வீடும் வாங்க அந்நியச் செலாவணி விதிகள் இடம் தருவதில்லை. பூர்வீகமாக வந்த விளைநிலத்தை வைத்துக்கொள்ளலாம், இந்தியாவில் வசிக்கும் இந்தியக் குடிமகனுக்கு விற்கலாம். தம்பி பெயரில் வாங்கி வைத்தால் போதும் என்று நினைப்பவர்கள் பினாமிச் சட்டத்தையும் ஒருமுறை படித்துக்கொள்ளுங்கள்.

இனி மண்ணுக்கு வருவோம். நம் பாகூரில் கிடைத்த பல்லவர் காலச் செப்பேடு ஒன்று இருக்கிறது. நிருபதுங்கவர்மன் காலத்தது, 9-ஆம் நூற்றாண்டு. பாகூரில் இருந்த ஒரு கல்விச்சாலைக்கு மூன்று ஊர்களை வழங்கிய செய்தி அதில் இருக்கிறது. அந்தக் காலத்துக் கொடையில் எல்லை சொல்வது ஒரு பெரிய சடங்கு. நாட்டார் கூடுவார்கள். எல்லையைச் சுற்றி நடப்பார்கள். கல் நடுவார்கள், கள்ளி நடுவார்கள். எல்லாரும் அறியச் செய்வார்கள். ஆயிரம் ஆண்டுக்கு மேலான அந்தப் பழக்கத்துக்குள் இருக்கும் அறிவு இன்றைக்கும் செல்லுபடியாகும். எல்லையை நடந்து பார், அக்கம்பக்கத்தாரை வைத்துக்கொண்டு நட, ஊரறிய நட.

ஆகவே முன்பணம் கொடுப்பதற்கு முன் புலப்படத்தைக் கையில் எடுத்துக்கொண்டு, அரசு நில அளவரை முறைப்படி அழைத்து அளந்து பாருங்கள். பேச்சில் குழி என்போம், பட்டாவில் ஹெக்டேர், ஆர், சென்டியார் என்று இருக்கும். புதுவைப் பக்கம் ஒரு குழி 576 சதுர அடி. நூறு குழி ஒரு காணி, அதாவது சுமார் 132 சென்ட். காரைக்கால், தஞ்சைப் பக்கத்துக் குழியோ 144 சதுர அடிதான். புதுவைக் கணக்கில் பத்துக் குழி என்றால் 5,760 சதுர அடி, ஏறத்தாழ 5 ஆர் 35 சென்டியார். காரைக்கால் கணக்கில் அதே பத்துக் குழி 1,440 சதுர அடி. நான்கு மடங்கு வித்தியாசம். விலையைக் குழிக் கணக்கில் பேசினாலும், ஒப்பந்தத்தில் சதுர மீட்டரை எழுதுங்கள். ஓர் ஆர் 100 சதுர மீட்டர், ஒரு சென்டியார் ஒரு சதுர மீட்டர். அதில் குழப்பத்துக்கே இடமில்லை.

பாதையைப் பாருங்கள். வரப்பு வழியாக நடந்து போனோம் என்பது வேறு, பத்திரத்தில் எழுதிய பாதை உரிமை வேறு. முன்னால் இருக்கும் நிலக்காரர் நாளைக்கு வேலி போட்டால் உங்கள் வண்டி எந்த வழியாகப் போகும்? அந்தப் பாதையின் அகலமும் இடமும் பத்திரத்தில் வர வேண்டும். அடுத்தவர் நிலத்தின் வழியாகப் போகும் பாதை என்றால் அவரும் எழுதிக் கொடுக்க வேண்டும்.

தண்ணீரைப் பாருங்கள். புதுவைப் பகுதி ஏரிகளால் வாழ்ந்த பகுதி. ஊசுடு ஏரியும் பாகூர் ஏரியும் எல்லாருக்கும் தெரியும். தென்பெண்ணையில் சொர்ணாவூர் அணைக்கட்டிலிருந்து பங்காரு வாய்க்கால் வழியாகப் பாகூர் ஏரிக்குத் தண்ணீர் வருகிறது. அந்த ஏரியிலிருந்து கிளைக் கால்வாய்கள் வயல்களுக்குப் போகின்றன. நீங்கள் வாங்கும் துண்டின் ஓரத்தில் தூர்ந்துபோன ஒரு பள்ளம் தெரிந்தால், அது கிளை வாய்க்காலா என்று புலப்படத்தில் பாருங்கள். வாய்க்கால் புறம்போக்கை யாரும் விற்க முடியாது, யாரும் வாங்கவும் முடியாது. மழைக்காலத்தில் ஒருமுறை போய்ப் பாருங்கள். கோடையில் மேடாகத் தெரியும் நிலம் ஐப்பசியில் தன் உண்மையைச் சொல்லும். ஆழ்குழாய்க் கிணறு போட நினைத்தால் நிலத்தடி நீர்ச் சட்டப்படி அனுமதி வேண்டும். கடலை ஒட்டிய ஊர்களில் உவர்நீர் ஏறியிருக்கிறதா என்று பக்கத்துக் கிணற்று நீரைக் குடித்தே தெரிந்துகொள்ளலாம்.

அந்த நிலத்தில் உழுதுகொண்டிருப்பவர் யார் என்று பாருங்கள். இதைப் பலர் கேட்பதே இல்லை. புதுச்சேரியில் 1970-ஆம் ஆண்டுச் சாகுபடிக் குத்தகைதாரர் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. சட்டம் சொல்லும் காரணங்கள் இல்லாமல் குத்தகைதாரரை வெளியேற்ற முடியாது. சொந்தக்காரர் மாறினாலும் அவர் பாதுகாப்பு மாறாது. வாய்மொழிக் குத்தகை எந்தச் சான்றிலும் தெரியாது என்று முன்பே சொன்னேன். நிலத்தில் இறங்கி, வரப்பில் நிற்கும் மனிதரிடம், “ஐயா, எவ்வளவு நாளா பாக்கறீங்க? யாருக்கு அளக்கறீங்க?” என்று கேட்டால் ஐந்து நிமிடத்தில் தெரிந்துவிடும். தலைமுறையாக அந்த மண்ணில் வியர்வை சிந்தியவர் ஒருவர் இருந்தால், அவரோடு நியாயமாகப் பேசி முடிப்பது விற்பவரின் கடமை, அதை வற்புறுத்துவது வாங்குபவரின் கடமை. ஓரத்தில் ஒரு குடிசை இருந்தாலும் அப்படியே. குடியிருப்போருக்கு அந்த மனையிலேயே உரிமை தரும் சட்டம் 1973-இல் இங்கே வந்தது.

எல்லை மாநில எல்லையாகவும் இருக்கலாம். புதுச்சேரிப் பகுதி ஒரே துண்டாக இல்லை. தமிழ்நாட்டுக்குள் தீவுத் தீவாகச் சிதறிக் கிடக்கிறது. மதகடிப்பட்டு நம்முடையது, வழியில் உள்ள கண்டமங்கலம் தமிழ்நாடு. சேதராப்பட்டு நம்முடையது, தாண்டினால் வானூர் வட்டம். நிலம் எந்தப் பக்கம் என்பதைப் பொறுத்து பதிவு அலுவலகம், முத்திரைத் தீர்வை, பட்டா முறை எல்லாம் மாறும். தமிழ்நாட்டுப் பக்கம் வாங்கினால் பஞ்சமி நிலமா என்று கட்டாயம் பாருங்கள். செங்கல்பட்டு ஆட்சியர் திரமென்ஹீரின் அறிக்கையைத் தொடர்ந்து 1892 முதல் ஒடுக்கப்பட்ட மக்களுக்கென நிபந்தனையோடு வழங்கப்பட்ட நிலங்கள் அவை. மற்றவர் கைக்குப் போகக் கூடாது என்பது நிபந்தனை. அந்த நிலத்தை வாங்குவது சட்டப்படி செல்லாது, நெஞ்சறியவும் தவறு. விளைநிலத்தில் கல் நட்டு, சுண்ணாம்புக் கோடு போட்டு, மனை என்று விற்கும் துண்டுகளையும் இதே எச்சரிக்கையோடு பாருங்கள். அங்கீகாரம் இல்லாத மனைகளைப் பதிவு செய்ய 2016 செப்டம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் தடை போட்டபோது, தமிழ்நாடெங்கும் சிறு சேமிப்புக்காரர்கள் பட்ட பாட்டை மறந்துவிடக் கூடாது. நம் பக்கத்திலும் திட்டக் குழுமத்தின் அங்கீகாரம் இல்லாமல் வாங்கிய மனையில் வீடு கட்ட அனுமதி பெறுவது கடினம்.

இவ்வளவும் பார்த்து மனம் ஒப்பினால் அதன் பிறகு பணம். முதலில் எழுத்து மூலமான ஒப்பந்தம். முழு விலை, முன்பணம், மீதியைக் கொடுக்கும் நாள், விற்பவர் கொண்டுவர வேண்டிய ஆவணங்கள், கையெழுத்திட வேண்டியவர்களின் பெயர்கள், இத்தனையும் அதில் வர வேண்டும். வாரிசுகளில் சிறுவர் இருந்தால் நீதிமன்ற அனுமதி வேண்டும் என்பதையும் எழுதுங்கள். உள்ளூர் நாளிதழில் வழக்கறிஞர் பெயரில் பொது அறிவிப்புக் கொடுங்கள். மறைந்திருக்கும் உரிமைக்காரர் வெளியே வர அது ஒரு வாய்ப்பு. ஒப்பந்தத்தை நிறைவேற்றச் சொல்லி வழக்குப் போட மூன்று ஆண்டுதான் காலக்கெடு. அதை ஆறப்போடாதீர்கள்.

பணத்தை வங்கி வழியாகவே கொடுங்கள். நிலப் பரிமாற்றத்தில் 20,000 ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்குவதை வருமான வரிச் சட்டம் 2015 முதல் தடுத்திருக்கிறது. “ஜி.எல்.ஆர். மதிப்புக்கு மட்டும் பத்திரம், மீதி கையில்” என்ற பேச்சு வரும். ஜி.எல்.ஆர். என்பது அரசின் வழிகாட்டி மதிப்பு. மறுத்துவிடுங்கள். நாளைக்குக் கிரயம் செல்லாது என்று தீர்ப்பானால், பத்திரத்தில் எழுதிய தொகையை மட்டுமே உங்களால் திரும்பக் கேட்க முடியும். எழுதாத பணத்துக்குச் சாட்சி இல்லை. அரசுக்குச் சேர வேண்டிய தீர்வையை மறைப்பது தவறு என்பதையும் சேர்த்தே சொல்கிறேன்.

பதிவு முடிந்ததும் பட்டா மாற்றம், எல்லைக் கல், கம்பி வேலி. இவற்றோடு வேலை முடியவில்லை. ஆண்டுக்கு ஒருமுறை வில்லங்கச் சான்று எடுங்கள். நிலத்துக்கு அடிக்கடி போங்கள். ஆள் நடமாட்டம் இல்லாத சொத்தைத்தான் போலிப் பத்திரக்காரர்கள் தேடுகிறார்கள். நம் நகரத்தின் காமாட்சியம்மன் கோயிலுக்குச் சொந்தமான நிலமே போலி ஆவணங்களால் கைமாறி, வழக்கு உயர் நீதிமன்றம் வரை போனதை நாம் அனைவரும் அறிவோம். கோயில் சொத்துக்கே அந்த நிலை என்றால், நகரத்தில் இருந்துகொண்டு கிராமத்தில் பத்துக் குழி வைத்திருப்பவர் எவ்வளவு விழிப்பாக இருக்க வேண்டும்!

நண்பர்களே, இத்தனை எச்சரிக்கை சொன்னதால் நேரடிக் கிரயமே வேண்டாம் என்று நான் சொல்வதாக எண்ணிவிடாதீர்கள். அதுதான் சிறந்த முறை என்பது என் உறுதியான கருத்து. விற்பவர் முகம் தெரிகிறது. அந்த நிலத்தின் கதையைச் சொல்ல அவர் குடும்பம் இருக்கிறது. அக்கம்பக்கத்தார் சாட்சியாக இருக்கிறார்கள். மூன்று நான்கு கை மாறி வரும் மனையில் இவை எதுவும் இல்லை. நேரடிக் கிரயத்தின் இந்த வலிமையைப் பயன்படுத்திக்கொள்ளுங்கள் என்பதே என் வேண்டுகோள்.

விற்பவர்களுக்கு: உங்கள் வீட்டுப் பெண்களின் பங்கை முதலில் தீர்த்துவிட்டு விலை பேசுங்கள். பழைய பிரெஞ்சுத் தாள்களைக் கரையானுக்குக் கொடுக்காமல் பிள்ளைகளுக்குக் காட்டி வையுங்கள். வாங்குபவர்களுக்கு: உங்களை அவசரப்படுத்துகிறவரிடம் வாங்காதீர்கள். இன்றே முன்பணம் கொடுக்காவிட்டால் வேறு ஆள் தயார் என்று சொன்னால், அந்த வேறு ஆளுக்கே அது போகட்டும். வழக்கறிஞர் கட்டணமும் அளவர் கட்டணமும் மொழிபெயர்ப்புக் கூலியும் நிலத்தின் விலையில் சேர்ந்தவை என்று முதலிலேயே ஒதுக்கி வையுங்கள். அரசுக்கு: நொத்தேர்களின் பழைய மூலங்களையும் கதாஸ்தர் ஏடுகளையும் மின்னேடாக்கி, தமிழ் விளக்கத்தோடு பொதுமக்கள் பார்வைக்கு வையுங்கள். புதுவையில் நில வழக்குகள் குறைய அதைவிடப் பெரிய உதவி வேறில்லை.

பத்துக் குழி நிலத்துக்கு எத்தனை கையெழுத்து வேண்டும்? உரிமையுள்ளவர்கள் எத்தனை பேரோ அத்தனை கையெழுத்து. ஒன்று குறைந்தாலும் வாங்காதீர்கள்.